புரொக்கோலியும் அடுப்பின் அளவும்

புரொக்கோலி என்னும் பச்சைப் பூக்கோவா மேனாட்டார் உணவில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவது. இத்தாலிய மொழியில் முளை எனப் பொருள்படும் சொல்லினின்றும் அதன் பெயர் பிறந்தது. இலங்கையிலும் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைநாட்டுப் பகுதிகளில் அது பயிராகின்றது. ஆயினும், அதன் நன்மையைக் கேள்வியுற்று வாங்குவோர் பலராயிருக்க, அதனை விரும்பி உண்போர் சிலராகவே உள்ளனர். இதற்குக் காரணம் யாது?

வெறுப்பவர் சிறுவர் மட்டுமல்லர். 1990ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் அதிபராயிருந்த ஜோர்ஜ் புஷ், சிறுவயதில் தாயார் வற்புறுத்தி உண்பித்த இக்காய்கறியை இனி உண்ணப்போவதில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். அதுகேட்ட விவசாயிகள் புரொக்கோலியை வண்டிகளில் ஏற்றி வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தனர். அச்செய்தி பலருக்கு நகைப்பை விளைத்தது. எனினும் அதனுள் ஓர் உண்மை உண்டு. இளமையிற் பிறந்த வெறுப்பு எளிதில் நீங்குவதில்லை.

கோவா, பூக்கோவா, நோக்கோல், புரொக்கோலி ஆகிய நான்கும் ஒரே தாவர இனத்தின் வேறுபட்ட வடிவங்களே. முள்ளங்கியும் கடுகும் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கந்தகம் கலந்த ஒருவகைச் சேர்வைகள் இக்குடும்பத்துக்குச் சிறப்பாக உரியவை. புரொக்கோலியின் மெல்லிய கசப்புக்கும் அவையே பெரிதும் காரணம். அதனை அளவுக்கு மிஞ்சி அவித்தால் கந்தகச் சேர்வைகள் சிதைந்து கெட்ட மணம் எழும், பச்சை நிறம் மங்கும், பூக்கள் குழைந்துபோகும். பலர் வெறுப்பது இவ்வாறு பாழ்பட்ட புரொக்கோலியையேயன்றி நல்ல புரொக்கோலியை அன்று.

சமைக்காத புரொக்கோலி 100 கிராமில் ஏறத்தாழ 89 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு. வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் இவ்விற்றமின் நீரிற் கரைவது; வெப்பத்தால் அழிவது. நிறைந்த நீரில் அவித்து அந்நீரை வடித்து ஊற்றுபவர் சத்தின் பெரும்பகுதியையும் ஊற்றிவிடுகின்றார்.

1992ஆம் ஆண்டில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் தலாலே என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் புரொக்கோலியினின்று சல்போராபேன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நச்சுப் பொருள்களை அகற்ற உதவும் நொதியங்களை உடற்கலங்கள் மிகுதியாக ஆக்கும்படி அது தூண்டுகின்றது. இதைக் கொண்டு, புரொக்கோலி புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து எனக் கூறுதல் தவறு. அது நல்ல உணவு, அவ்வளவே.

சல்போராபேன் காயில் ஆயத்தமாக இருப்பதில்லை. காயை நறுக்கும்போது அல்லது மெல்லும்போது கலங்கள் உடைய, அவற்றுள் தனித்தனியே இருந்த மூலப்பொருளும் ஒரு நொதியமும் கலந்து அதனை உண்டாக்குகின்றன. கடுந்தீயில் அந்நொதியம் அழிந்துவிடும். ஆகவே, முதலில் நறுக்கி அரைமணி நேரமளவு வைத்திருந்து, பின்னர் மூன்று நான்கு நிமிடம் மட்டும் ஆவியில் அவித்தல் நன்று. நிறம் பளிச்சென்று இருக்கும்போதே அடுப்பினின்றும் இறக்கிவிட வேண்டும்.

தவறி மிகுதியாக வெந்துவிட்டாலும் பரிகாரம் உண்டு. அதுவே கடுகு. அதே நொதியம் கடுகிலும் இருக்கின்றது. சமைத்த புரொக்கோலியுடன் கடுகுத்தூள் சேர்த்து உண்டோர் உடலில் சல்போராபேன் நான்கு மடங்குக்கு மேல் சேர்ந்ததென இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆனால் தாளிதத்தில் வெடித்த கடுகு இதற்கு உதவாது. கொதிக்கும் எண்ணெய் நொதியத்தை அழித்துவிடும். பச்சைக் கடுகை அரைத்து, இறக்கிய பின் ஒரு சிட்டிகை கலத்தல் வேண்டும்.

சுவையாக உண்பதற்கு வழிகள் பல. பூவையும், தோல் சீவிய தண்டையும் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து விரைவில் வறை செய்யலாம். இறக்கியதும் தேசிக்காய்ப்புளி விட்டால் கசப்பு அடங்கும். சொதி கொதித்து இறக்கும் தறுவாயில் சிறு பூக்களை இடலாம். தேங்காயின் கொழுப்பு, புரொக்கோலியிலுள்ள விற்றமின் கே உடலிற் சேரவும் துணைசெய்யும். அவ்விற்றமின் குருதி உறைதலுக்கு வேண்டியது. ஆதலின் வார்பரின் என்னும் மருந்து உட்கொள்வோர் இக்கறியை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணலாகாது. அளவை மாற்றுமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

சிறுவரைப் பொறுத்தவரை வற்புறுத்தல் பயன்தராது. கசப்பை அவர்களின் நா வளர்ந்தோரினும் கூர்மையாக உணர்கின்றது. ஒரு சிறு பூவைத் தட்டில் வைத்து, உண்ணாவிடில் கடியாது விட்டு, சில நாள் கழித்து மீண்டும் வைத்தல் வேண்டும். பலமுறை கண்டும் சுவைத்தும் பழகிய உணவைக் குழந்தை தானே ஏற்கத் தொடங்கும். தாய் தந்தையர் அதே கறியை விருப்போடு உண்பதைக் காண்பதும் பெருந்துணையாகும். மிதமான தீயும் பொறுமையும் உள்ள வீட்டில் இக்காய் சுவையும் தரும், சத்தும் தரும்.