ரெலிகேஷன்: நாடு கடத்தலில் பிறந்த விளையாட்டுச் சொல்

லீக் பட்டியலின் அடியில் முடித்த அணியை அடுத்த பருவத்தில் கீழ்ப் பிரிவில் ஆடவைப்பதுதான் ரெலிகேஷன். தமிழில் இதைத் தரமிறக்கம் என்று எழுதுவதுண்டு. பெங்களூருவில் கால்பந்து லீக்குக்குச் சூப்பர், ஏ, பி, சி எனப் படிகள் உண்டு. அங்கே ‘டிவிஷன் இறங்கிட்டாங்க’ என்றாலே விஷயம் புரிந்துவிடும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ரெலெகாரே’ என்றால் அப்பால் அனுப்பிவைத்தல். ரோமானியச் சட்டத்தில் ‘ரெலெகாட்டியோ’ என்பது நாடு கடத்தலின் மென்மையான வடிவம். தண்டிக்கப்பட்டவர் ரோமை விட்டுப் போக வேண்டும். ஆனால் குடியுரிமை பறிபோகாது, சொத்தும் பொதுவாகக் கையில் இருக்கும். கி.பி. 8-ல் பேரரசர் அகஸ்டஸ் கவிஞர் ஓவிடைக் கருங்கடல் கரையிலிருந்த தோமிஸுக்கு இப்படித்தான் அனுப்பினார். தன்னை நாடு கடத்தப்பட்டவன் என்று சொல்லாதீர்கள், தனக்குக் கிடைத்தது ரெலெகாட்டியோ மட்டுமே என ஓவிட் அங்கிருந்தே வாதாடினார். அவர் ஊர் திரும்பவேயில்லை என்பது வேறு விஷயம்.

விளையாட்டுக்கு இந்தச் சொல் பொருந்தியதற்கும் அந்த மென்மையே காரணம். இறங்கிய அணியின் பெயர், மைதானம், ரசிகர்கள் எதுவும் போவதில்லை; இடம் மட்டும்தான் போகிறது.

1888-ல் இங்கிலாந்தில் 12 அணிகளுடன் ஃபுட்பால் லீக் பிறந்தது. 1892-ல் இரண்டாம் பிரிவு வந்தது. முதலில் ஏற்றமும் இறக்கமும் ‘டெஸ்ட் மேட்ச்’ என்ற தனி ஆட்டங்களால் முடிவாயின. 1898-ல் ஸ்டோக், பர்ன்லி இரண்டுக்கும் டிரா போதும் என்ற நிலை வந்தபோது, ஆட்டம் கோலின்றி முடிந்தது. பேசிவைத்து ஆடினார்கள் என்ற சந்தேகம் கிளம்பவே அந்த முறை கைவிடப்பட்டு, பட்டியலில் பிடித்த இடத்தைக் கொண்டே இறக்கும் வழக்கம் வந்தது.

இந்தியாவில் இந்த விதி பெரிய அணிகளையும் விட்டுவைக்கவில்லை. கோவாவின் சல்காவ்கர் 2008-ல், அப்போது நாட்டின் முதல் பிரிவாக இருந்த ஐ-லீக்கிலிருந்து இறங்கியது. திரும்பி வந்து 2011-ல் சாம்பியனே ஆனது. அதே 2011-ல் இறங்கிய பஞ்சாபின் ஜே.சி.டி., ஐ-லீக்குக்கு முன்பிருந்த தேசியக் கால்பந்து லீக்கின் முதல் சாம்பியன். இறங்கியதும் அதை நடத்திய கம்பெனி அணியையே கலைத்துவிட்டது. பெங்களூருவின் எச்.ஏ.எல். 2010-ல் ஏறி, 2012-லேயே இறங்கியது. ரோமானியர் மென்மையானது என்று கருதிய தண்டனை, கம்பெனி பணத்தில் நடக்கும் அணிக்குச் சில சமயம் மரண தண்டனையாகிவிடுகிறது. முதலாளிக்கு இரண்டாம் பிரிவில் விளம்பரம் கிடைப்பதில்லையே!

பணம் கட்டி இடம் வாங்கும் லீக்குகளில் இறக்கமே கிடையாது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளும் ஐ.பி.எல்.லும் அப்படித்தான். 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். கால்பந்தின் முதல் 11 பருவங்களில் ஓர் அணிகூட கீழே இறக்கப்படவில்லை. முதலீட்டுக்கு இது பாதுகாப்பு. ஆனால் பருவத்தின் கடைசி வாரங்களில், அடியில் கிடக்கும் இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்தை யாரும் பார்க்காமல் போவதற்கும் இதுவே முதல் காரணம்.