துடிக்கும் மின்காந்தம்

மாணவர்களே! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இன்று உருவாகும் கார்களில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மின்னணுச் சுற்று. ஒரகடம் சாலை தொடங்கும் வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலோ, அந்த வேலையைச் செய்தது ஒரு மின்காந்தம். எப்படி?

எஞ்சின் வேகம் ஏறினால் டைனமோவின் மின்னழுத்தமும் ஏறும். தடுக்காவிட்டால் 12 வோல்ட் பாட்டரி கொதித்து வற்றும், விளக்குகள் எரிந்துபோகும். ஆனால், மின்னழுத்தம் கூடியதும் ரெகுலேட்டரில் உள்ள மின்காந்தம், ஸ்பிரிங்கை எதிர்த்து ஒரு தகட்டை இழுக்கிறது. இரு பாயிண்டுகள் பிரிகின்றன. டைனமோவின் காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்சாரம், இப்போது ஒரு மின்தடை வழியே சென்று குறைகிறது. மின்னழுத்தம் இறங்குகிறது; பாயிண்டுகள் மீண்டும் சேர்கின்றன. வினாடிக்குப் பல முறை இந்தத் துடிப்பு!

நாளடைவில் தீப்பொறியால் பாயிண்டுகள் கருகும். பாட்டரி சரியாக மின்னேறாது. உடனே திருகாணியைத் திருகலாமா? கூடாது. முதலில் பாயிண்டுகளை மென்மையாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பிறகு, டைனமோ பாட்டரியோடு இணையாதபடி கம்பியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு அளக்க வேண்டும். லூகாஸ் ஆர்பி 106 வகையில் சுமார் 16 வோல்ட் காட்ட வேண்டும். பாட்டரி இணைந்ததும் இது தானே இறங்கிவிடும்.

திருகாணியைச் சரிசெய்வதை 30 வினாடிக்குள் முடிக்க வேண்டும். ஏன் தெரியுமா? சூடேறினால் செம்புச் சுருளின் மின்தடை கூடும், காந்தம் வலுவிழக்கும், அளவு தவறாகும்.

உங்கள் பள்ளியில் மின்சார மணி இருக்கிறதா? அதுவும் இப்படித்தான் துடிக்கிறது. ஆசிரியர் துணையுடன் அதன் பாயிண்டுகளைத் தேடிப் பாருங்கள்!