பழைய பைபர் வள்ளங்களின் மேற்பூச்சைப் புதுப்பித்தல்

மண்டைக்காடு, கொளச்சல், முட்டம் முதலிய கடற்கரை ஊர்களில் கட்டுமரங்களே மிகுதியாக வழங்கிய காலத்தில், கரைசேர்ந்த மரங்களை மணலில் ஏற்றி உலர்த்துவது வழக்கமாயிருந்தது. மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதை யாவரும் அறிந்திருந்தனர். பிற்காலத்தில் பைபர் வள்ளங்கள் அக்கட்டுமரங்களின் இடத்தைப் பெற்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலையால் படகுகளை இழந்தோர் பலருக்கு நிவாரணமாகக் கிடைத்தவையும் இவையே. அவற்றுள் இன்றும் கடலுக்குச் செல்பவை இருபது ஆண்டுகளைக் கண்டுவிட்டன. "பைபர் நீர் குடியாது" என்ற நம்பிக்கையால் இவற்றை உலர்த்துவோர் சிலரே. அந்நம்பிக்கை தவறானது.

வள்ளத்தின் உடல் கண்ணாடி இழைகளை ரெசினில் தோய்த்து அடுக்கியதாகும். அதன்மேல் ஜெல்கோட் என்னும் தோல் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்திற்கே உள்ளது. வெயில் அதை வெளிறச் செய்து பொடியாக்குகிறது. கரையில் இழுக்கும்போது மணல் அதை அராவுகிறது. தோல் தேய்ந்தபின் ஜலம் இழைகளின் வழியே உட்புகுந்து கொப்புளங்களை உண்டாக்கும். கொப்புளத்தைக் குத்தினால் காடி மணமுள்ள திரவம் கசியுமாயின், கேடு உள்ளே பரவத் தொடங்கிவிட்டதென்று அறிக.

தேய்வைச் சோதிப்பது எளிது. கழுவி உலர்த்திய இடத்தில் சில துளி நீர் தெளிக்கவேண்டும். துளி முத்தாக நில்லாமல் பரவி, அவ்விடம் கறுத்துக் காணப்பட்டால் பூச்சு பழுதுற்றதாகும். மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்குவதால் பழுது மறையுமேயன்றித் தீராது. பின்னர்ப் பூசும் பூச்சும் பற்றாது.

பழுதுபார்க்க ஏற்ற காலம் மழையற்ற தை, மாசி மாதங்களே. முதலில் வள்ளத்தை நன்னீரால் கழுவி, கொப்புளங்களைத் திறந்து, ஓலைப்பந்தலின் கீழ்க் காற்றாடப் பல நாள் வைத்தல் வேண்டும். பின் ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து நாற்புறமும் ஒட்டி, மறுநாள் பார்க்க. உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருப்பின் இன்னும் ஈரம் உண்டு. ஈரத்தின்மேல் பூசுதல் ஈரத்தை உள்ளே சிறைவைப்பதேயாம். அவ்வாறு அவசரப்பட்டுச் செய்த வேலை, செய்யாததினும் கெடுதி.

உலர்ந்தபின் மேற்பரப்பை அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசி நீக்கி, வெடிப்புகளைப் பட்டியால் அடைக்கவேண்டும். இழை வெளித்தோன்றும் அடிப்பாகத்தில் ஜெல்கோட் மட்டும் போதாது. முன்னர்ப் புதிய இழைமெத்தையும் ரெசினும் இடல் வேண்டும். ஜெல்கோட்டில் கேட்டலிஸ்ட் திரவத்தை 100-க்கு 1 முதல் 2 பங்கு வரை, தயாரிப்பாளர் குறித்த அளவில் கலந்து, இரண்டு முறை பூசுக. காற்றுப்பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடுமாதலால், கடைசிப் பூச்சில் அதற்கென விற்கும் மெழுகுக் கரைசலைச் சேர்த்தல் அவசியம்.

கேட்டலிஸ்ட் கண்ணிற்பட்டால் பார்வையே போகக்கூடும். அதையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். கண்ணாடி, கையுறை, முகமூடி ஆகியன இன்றி இவ்வேலையில் இறங்குதல் கூடாது.

கிராம அதிகாரிகள் கரையோர மக்களுக்கு இச்செய்தியை மழைக்காலம் முடிந்தவுடன் எடுத்துரைத்தல் நலம். தென்னந்தோப்புடைய மிராசுதாரர்கள் பந்தலுக்குக் கீற்றும், வள்ளம் மணலில் உராயாமல் உருட்ட மரத்துண்டுகளும் தந்து உதவலாம். உழவனுக்கு ஏரும் மாடும் எத்தகையவோ, கடலோடிக்கு வள்ளம் அத்தகையது. கரையில் அடைக்காத வெடிப்பு நடுக்கடலில் பிளக்குமாயின், இழப்பது வள்ளத்தை மட்டுமன்று.