உண்பதற்கு ஒரு மலர்க்கொத்து

பிறந்தநாளுக்கும் பணிநிறைவு விழாவுக்கும் பூங்கொத்து வழங்குவது நம் அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. மறுநாளே அது வாடிக் குப்பைக்கூடைக்குச் செல்வதும் வழக்கமே. அதற்கு மாற்றாக, கப்கேக்குகளின் மேல் வெண்ணெய்க் கிரீமால் மலர்களை வடித்து, அவற்றைக் கொத்தாகக் கட்டித் தரும் முறை இப்போது நகரங்களில் பரவியுள்ளது. கடையில் சொல்லப்படும் விலை பலரையும் திகைக்க வைக்கிறது. வீட்டிலேயே செய்ய இயலுமா என்றால், தாராளமாக இயலும். ஒரு மாலைப்பொழுதும் சற்றுப் பொறுமையும் வேண்டும்.

கேக் பகுதியில் கடினம் ஏதுமில்லை. மைதா 190 கிராம், சர்க்கரை 150 கிராம், உப்பிடாத வெண்ணெய் 115 கிராம், முட்டை 2, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. இவற்றைக் கொண்டு 12 கப்கேக்குகள் செய்யலாம். காகிதக் கிண்ணங்களில் மூன்றில் இரு பங்கு மட்டும் மாவை ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய அடுப்பில் 170 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 20 நிமிடம் வேகவிட வேண்டும். கிண்ணம் நிறைய ஊற்றினால் மேற்பரப்பு குவிந்துவிடும். அதன்மேல் மலர் நில்லாது. கொத்துக்கு வேண்டியவை ஏழுதான். தோற்றத்தில் சிறந்த ஏழைத் தேர்ந்தெடுத்தபின், எஞ்சியவை கைப்பழக்கத்துக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும்.

உண்மையான வேலை கிரீமில்தான் தொடங்குகிறது. உப்பிடாத வெண்ணெய் 200 கிராமை வெளுத்து மென்மையாகும்வரை அடித்து, 400 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீர்த்த வண்ணங்கள் கிரீமை இளக்கிவிடும் என்பதால், உணவுக்கென விற்கப்படும் ஜெல் வண்ணங்களே ஏற்றவை. ரோஜாவுக்கு 1எம் எனப்படும் நட்சத்திர முனை போதும். கப்கேக்கின் நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் சுற்றினால் ரோஜா மலரும். விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றினால் ஐஸ்கிரீம் கோபுரமே எழும். வேறுபாடு அவ்வளவுதான். இலைக்கு 352 எண் முனை உண்டு. கேக் முழுதும் ஆறுவதற்கு முன் கிரீமைத் தொடாதீர்கள்.

நம் நாட்டில் இக்கலைக்குப் பெரும் எதிரி வெப்பம். அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் இளகத் தொடங்கும்; இதழ்கள் சரியும். வெண்ணெயில் ஒரு பகுதிக்கு மாற்றாகத் தாவரக் கொழுப்பைச் சேர்த்தால் கிரீம் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். சுவை குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மலர் வடித்தபின் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து இறுகவிடுங்கள். மும்பை, சென்னை போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில், வெளியே எடுத்தவுடன் நீர் வியர்த்து வண்ணம் கசியக்கூடும். மூடிய பெட்டியோடு எடுத்துச் சற்று நேரம் அப்படியே வைத்தால், நீர்த்துளிகள் பெரும்பாலும் பெட்டியின் மேல் படியும்.

கொத்து கட்டுவதில் ஒரு வடிவியல் அழகு உண்டு. ஒரே அளவுள்ள வட்டங்களில் ஒன்றை நடுவில் வைத்தால், அதைச் சுற்றி இடைவெளியின்றி ஆறு வட்டங்கள் சரியாக அமையும். ஏழு காகிதக் குவளைகளை அவ்வாறு அடுக்கி, இருபக்கப் பசை நாடாவால் ஒட்டுங்கள். பலரும் ஸ்டேப்ளர் பின் அடிக்கிறார்கள். உணவுக்கு அருகில் அது வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு குவளையின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தைக் கசக்கி வைத்து, மலர் மட்டும் விளிம்புக்கு மேலே தெரியும்படி கப்கேக்கை அமர்த்த வேண்டும். இடைவெளிகளில் பச்சைக் காகிதம், வெளியே தடித்த வண்ணத்தாள், ஒரு நாடா. அழகுக்காக உண்மையான பூக்களைச் செருகுவோர் கவனிக்க: அரளி போன்றவை நச்சுடையவை; கடைப் பூக்களில் பூச்சிமருந்து படிந்திருக்கலாம்.

அன்பளிப்பாகச் செய்யும்வரை கணக்கு தேவையில்லை. பார்த்தவர்கள் "எங்களுக்கும் ஒன்று செய்து தாருங்கள்" என்று கேட்கும்போதுதான் வணிகவியல் உள்ளே நுழைகிறது. ஓர் எடுத்துக்காட்டு: பொருள்களுக்கு ரூ.250, காகிதமும் பெட்டியும் ரூ.90, மின்சாரம் ரூ.20 என்று கொள்வோம். அடக்கம் ரூ.360. இதை ரூ.450-க்கு விற்று, 90 ரூபாய் ஆதாயம் என்று மகிழ்வோர் பலர். செலவான நேரமோ மூன்று மணி. மணிக்கு 30 ரூபாய்! மணிக்கு 100 ரூபாய் என உழைப்பையும், சேதாரத்துக்கு 40 ரூபாயையும் சேர்த்தால் அடக்கவிலையே ரூ.700 ஆகிறது. ரூ.9,000-க்கு வாங்கிய அடுப்பு ஐந்தாண்டு உழைத்தால், மாதந்தோறும் 150 ரூபாய் தேய்மானம் தனி. இல்லத்தரசிகள் கொண்டுவரும் கணக்குத் தாள்களில் வெண்ணெய்க்கும் நாடாவுக்கும் வரி இருக்கும். தம் உழைப்புக்கு இராது. அடக்கத்துக்குக் கீழே விற்கும் தொழில், ஆர்டர் பெருகப் பெருக இழப்பையே பெருக்கும்.

விற்பனைக்குச் செய்வோர் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுச் சமையலறைக்கும் இது பொருந்தும். இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் வழங்கப்படும். விற்பனைத் தொகை குடும்பக் கணக்கில் கலவாமல் தனிக் கணக்கில் வரட்டும். அடுப்பு, கலக்கும் இயந்திரம் முதலியவை வாங்க, 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவின்கீழ் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. வாங்கவிருக்கும் கருவிகளின் விலைப்பட்டியலோடு, சில மாத விற்பனைக் குறிப்பேட்டையும் கிளைக்குக் கொண்டுவாருங்கள். அக்குறிப்பேட்டில் உங்கள் உழைப்புக்கும் ஒரு வரி எழுதியிருந்தால், கடன் அலுவலருக்குப் பாதி வேலை மிச்சம்.