இருவர் இணைந்து காணும் முப்பது மைதானங்கள்



அமெரிக்காவில் கோடை பிறந்துவிட்டால் நெடுஞ்சாலைகளில் புதுமையானதொரு பயணத்தைக் காணலாம். கணவனும் மனைவியுமாகக் காரில் ஏறிப் புறப்படுவார்கள். செல்வது உறவினர் இல்லத்திற்கும் அன்று, மலைவாசத்தலத்திற்கும் அன்று. ஊர் ஊராகச் சென்று பேஸ்பால் மைதானங்களைக் காண்பதே அவர்களின் நோக்கம்! புதிதாக மணமுடித்தவர்களும் செல்கின்றனர். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் பணி ஓய்வு பெற்றவர்களும் செல்கின்றனர்.

“ஒன்றைப் பார்த்தால் போதாதா? எல்லாம் புல்தரைதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை அந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒன்றைப்போல் ஒன்றில்லை

கிரிக்கெட்டைப் போன்றே பேஸ்பாலும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. ஆட்டக்காரர் ஓடிக் கடக்க வேண்டிய முனைகள் நான்கு. முனைக்கு முனை 90 அடி. பந்து வீசுபவருக்கும் மட்டை பிடிப்பவரின் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். இந்த அளவுகள் எங்கும் மாறா. ஆனால் எல்லைச் சுவரின் தொலைவும் உயரமும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் 1912-இல் திறக்கப்பட்டது. அதன் இடப்புறத்தை ஒரு தெரு நெருக்கி நிற்பதால் அங்கே தொலைவு குறைவு. அக்குறையை ஈடுசெய்வதுபோல் 37 அடிக்கும் சற்று அதிக உயரத்தில் பச்சை வண்ணச் சுவர் எழுந்து நிற்கிறது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914-இல் திறக்கப்பட்டது. 1937-இல் நடப்பட்ட ஐவிக் கொடிகள் அதன் சுவர் முழுவதும் படர்ந்துள்ளன. 1988 வரை அங்கே மின்விளக்குகளே இல்லை. பகலில் மட்டுமே ஆட்டம்!

டென்வர் நகரமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் அடித்த பந்து அதிகத் தொலைவு பறக்கும். அம்மைதானத்தின் மேல்தளத்தில் ஒரு வரிசை இருக்கைகளுக்கு மட்டும் ஊதா நிறம். 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல் உயரம், என்பதைக் காட்டும் அடையாளம் அது.

படமும் பட்டியலும்

மேஜர் லீக் அணிகள் 30. இருபத்தொன்பது அமெரிக்காவிலும், ஒன்று கனடாவின் டொரான்டோவிலும் உள்ளன. ஓர் அணிக்குப் பருவத்தில் 162 ஆட்டங்கள். அவற்றுள் பாதியே சொந்த ஊரில் நடைபெறும். ஆகவே ஊரைச் சென்றடைந்தால் மட்டும் போதாது. அந்நாளில் அணியும் ஊரில் இருக்க வேண்டும். சாலை வரைபடத்தையும் ஆட்டப் பட்டியலையும் அருகருகே விரித்து வைத்து இருவரும் பல மாலைப் பொழுதுகள் கலந்து பேச வேண்டியிருக்கும்.

சிகாகோவில் இரு அணிகளின் மைதானங்களையும் ஒரே ரயில் பாதை இணைக்கிறது. அங்கிருந்து மில்வாக்கி 90 மைல்தான். டென்வரிலிருந்து கான்சாஸ் சிட்டி செல்வதற்கோ ஏறத்தாழ 600 மைல் காரோட்ட வேண்டும்! ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி சொல்ல, அந்த நீண்ட பகலில் பேசுவதற்கு எவ்வளவோ கிடைக்கும். பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் என்று ஆண்டுக்கணக்கில் கணக்கு வழக்குகளை மட்டுமே பேசிப் பழகிய இருவர், மீண்டும் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவது இத்தகைய சாலைகளில்தான்.

இருவரில் ஒருவருக்கே ஆட்டத்தில் ஆர்வம் இருப்பதும் உண்டு. அப்போது மாலையில் ஆட்டம் என்றால், பகலில் மற்றவர் விரும்பும் அருங்காட்சியகமோ பூங்காவோ இடம்பெறுவதே நீதி. விட்டுக்கொடுத்தல் இல்லையேல் மூன்றாம் ஊரிலேயே பயணம் கசந்துவிடும்!

காத்திருக்காத கட்டடங்கள்

வாசகர்களே, இனிச் சொல்வதைக் கவனியுங்கள். பாஸ்டன் மைதானம் திறக்கப்பட்ட அதே நாளில், 1912 ஏப்ரல் 20 அன்று, டெட்ராய்ட் நகரிலும் ஒரு மைதானம் திறக்கப்பட்டது. பாஸ்டனில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. டெட்ராய்டிலோ 1999-இல் கடைசி ஆட்டம் முடிந்தது. 2009-க்குள் கட்டடம் முற்றிலும் இடிக்கப்பட்டது.

நிறவெறித் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் 1947-இல் முதன்முதலாகக் களமிறங்கிய புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட், 1960-இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஓக்லாந்து அணி 1968 முதல் ஆடிவந்த மைதானத்தை 2024-இல் விட்டு வெளியேறியது. அதே ஆண்டு அக்டோபரில் புளோரிடாவைத் தாக்கிய சூறாவளி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மைதானத்தின் கூரையைக் கிழித்தெறிந்தது; 2025 பருவத்தில் அந்த அணி வேறிடத்தில் ஆட நேர்ந்தது.

“ஓக்லாந்தை அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்று 2024-இல் தள்ளிவைத்த தம்பதியரை எண்ணிப் பாருங்கள்! மைதானம் மட்டுமா காத்திருக்காது? படியேறும் முழங்கால்களும், இரவில் காரோட்டும் கண்களும் காத்திருப்பதில்லை. இதை உணர்ந்தவர்கள், முப்பதையும் ஒரே மூச்சில் பார்க்க இயலாவிடினும், ஆண்டுக்கு நான்கைந்தாகப் பிரித்துக்கொண்டு இப்போதே புறப்பட்டுவிடுகின்றனர்.

நமக்கு பேஸ்பால் வேண்டியதில்லை. ஆனால், “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று கணவனும் மனைவியும் ஒத்திவைத்த ஓர் ஊர், ஒரு கடற்கரை, ஒரு பழைய நண்பரின் இல்லம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும். இன்றிரவு உணவு முடிந்ததும் அந்தப் பேச்சைத் தொடங்குங்கள். நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவிட்டுப் பிறகு உறங்கச் செல்லுங்கள்!