மேனிக்கு இசைந்த ஆடை நிறம்

தீபாவளிக்கு இரண்டொரு வாரங்கள் இருக்கும்போது யாழ்ப்பாணத்துப் புடவைக்கடைகளிற் கூட்டம் நிறைந்துவிடும். அக்கூட்டத்தில் ஒரு தாயும் அவளுடைய பதினாறு வயது மகளும் நிற்பதாக நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். மகளின் கை செவ்வரத்தம்பூ நிறத் துணியொன்றின்மீது சென்று தங்குகின்றது. தாய் அத்துணியை மெல்ல ஒதுக்கிவிட்டு, "உன்ரை நிறத்துக்கு உது சரிவராது, பிள்ளை" என்கின்றாள். மகள் மறுத்துப் பேசவில்லை. வெளிறிய சாம்பல் நிறத் துணி ஒன்று அளந்து வெட்டப்படுகின்றது. ஆண்டின் பெரும்பகுதியை வெள்ளைச் சீருடையிலே கழிக்கும் மாணவிக்குத் தான் விரும்பிய நிறத்தை உடுத்த வாய்க்கும் நாள்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இவ்வாறு கழிந்துபோகின்றது.

தாய் கூறியது அன்பினாற் கூறியதே. ஆயினும் அது உண்மையா? கரிய மேனிக்கு அழுத்தமான நிறம் ஆகாது என்ற கொள்கைக்கு ஆதாரம் உண்டா? எந்த மேனிக்கு எந்த நிறம் இசையும் என்பதை அறிய வழி ஏதும் உளதா? இவை சிறிய வினாக்கள் போலத் தோன்றலாம். ஆனால் ஓர் இளம்பெண் கண்ணாடியிற் காணும் தன் முகத்தைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டு வளர்கின்றாள் என்பது இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்திருக்கின்றது.

இவ்வினாவை ஆராயத் தொடங்கியவர்களுள் முக்கியமான ஒருவர் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். 1786ஆம் ஆண்டிற் பிறந்து, நூறு வயதையுங் கடந்து வாழ்ந்து, 1889இல் மறைந்தவர் அவர். பாரிஸ் நகரில் அரச ஆதரவுடன் சித்திரக் கம்பளங்கள் நெய்துவந்த கோபெலின் தொழிற்சாலையிற் சாயப் பகுதிக்கு அவர் பொறுப்பாளராயிருந்தார். அங்கே ஒரு முறைப்பாடு எழுந்தது. நீல, ஊதா நிறங்களின் அருகே நெய்யப்படும் கருநூல் போதிய கருமையின்றித் தோன்றுகின்றது என்பதே அது. சாயத்திற் குறை இருக்கலாம் என்றெண்ணிச் செவ்ரோல் சோதித்தார். சாயத்திற் குறையில்லை, குறை அயலிலிருந்த நிறத்தினால் விளைந்தது என்று கண்டார். இவ்வாராய்ச்சியை விரித்து 1839இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். ஆடையின் நிறம் அணிபவரின் முகத்தை எவ்வாறு மாற்றிக் காட்டும் என்பதையும் அந்நூலில் அவர் ஆராய்ந்துள்ளார்.

அவர் கண்ட விதியை எளிதாகச் சொல்லிவிடலாம். இரண்டு நிறங்கள் அருகருகே இருக்கும்போது, கண்ணானது அவற்றின் வேற்றுமையைப் பெருக்கிக் காண்கின்றது. வெளிறிய நிறத்தின் அருகே கரியது மேலுங் கருமையாகத் தோன்றும். அழுத்தமான நிறத்தின் அருகே அதே கரியது சற்று ஒளி பெற்றுத் தோன்றும். பச்சையின் அருகே வைத்த பொருளிற் செம்மை கூடினாற்போலத் தெரியும். இவ்விதியைக் கொண்டு நோக்கினால், கடையிலே தாய் செய்த தெரிவு அவளுடைய நோக்கத்துக்கே மாறானது என்பது புலப்படும். மகளின் கருமை தோன்றாதிருக்க வேண்டும் என்று அவள் தேர்ந்த வெளிறிய துணியே அக்கருமையை எடுத்துக் காட்டக்கூடியது.

இவ்விதியோடு மற்றொன்றுஞ் சேர்த்து எண்ணத்தக்கது. கழுத்தின் அருகேயுள்ள துணியின்மீது பட்ட ஒளி, அத்துணியின் நிறத்தையும் ஓரளவு ஏந்திக்கொண்டு மோவாயிலும் கன்னத்தின் கீழ்ப்புறத்திலும் படிகின்றது. சில மஞ்சள் நிறங்கள் சிலருடைய முகத்தைச் சோர்ந்ததாகக் காட்டுவதற்கும், வேறு சில நிறங்கள் முகம் தெளிந்ததுபோலக் காட்டுவதற்கும் இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே முகத்துக்கு அண்மையிலுள்ள சட்டையும் சேலைத் தலைப்பும் சால்வையுமே முக்கியமானவை. இடுப்பின் கீழுள்ள நிறத்தால் முகத்துக்கு நேர்வது சிறிதே.

செவ்ரோலுக்குப் பின் இத்துறையிற் பலர் உழைத்தனர். மன்செல் என்னும் அமெரிக்க ஓவியர் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எந்த நிறத்தையும் மூன்று அளவுகளால் விளக்கலாம் என்று காட்டினார். அது என்ன நிறம் என்பது முதலாவது. எவ்வளவு வெளிர்ந்தது அல்லது அழுத்தமானது என்பது இரண்டாவது. எவ்வளவு தெளிந்தது அல்லது மங்கியது என்பது மூன்றாவது. ஜெர்மனியில் பௌகவுஸ் கலைக்கூடத்தில் 1919 முதல் 1923 வரை ஆசிரியராயிருந்த இற்றன் என்பவர், மாணவர் ஒவ்வொருவரும் தாமாக விரும்பித் தேரும் நிறங்கள் அவரவர் மேனி, தலைமயிர் ஆகியவற்றின் நிறங்களோடு ஒத்திருப்பதைக் கவனித்தார். நிறங்களைப் பருவங்களோடு பொருத்தியும் அவர் கற்பித்தார். அவருடைய புகழ்பெற்ற நிறநூல் 1961இல் வெளிவந்தது.

இத்தகைய கருத்துகளை ஆடைத் தெரிவுக்கான முறையாக்கிப் பொதுமக்களிடையே பரப்பியவர்களுள், 1980இல் நூலொன்றை வெளியிட்ட கரோல் ஜாக்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். அவருடைய நூலில் மனிதர் நான்கு பருவங்களாகப் பகுக்கப்பட்டனர். வெம்மையும் தெளிவும் உடைய இளநிறங்கள் வசந்தத்துக்குரியவை. குளிர்ச்சியும் மென்மையும் உடையவை கோடைக்குரியவை. வெம்மையும் ஆழமும் உடையவை இலையுதிர் காலத்துக்குரியவை. குளிர்ச்சியும் கூர்மையும் உடையவை மாரிக்குரியவை. ஒருவர் தம் பருவத்தை அறிந்துகொண்டால் ஆடை வாங்குவது எளிதாகும் என்பது அம்முறையின் துணிபு. பின்வந்தோர் நான்கைப் பன்னிரண்டாக்கினர். இன்று தென்கொரியாவின் சோல் நகரில் இதற்கெனவே நிலையங்கள் நடைபெறுகின்றன.

இம்முறையை யாழ்ப்பாணத்தவர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமோ என்றால், அங்கே ஒரு முட்டுப்பாடு உண்டு. பொன்மயிரும் நீலக்கண்ணும் கொண்டோரை நுணுகிப் பகுத்த அம்முறை, கரிய மயிரும் கரிய விழியும் உடையோருட் பெரும்பாலாரை மாரிக்காலம் என்ற ஒரே வகுப்பில் அடக்கிவிட்டது. அவ்வாறாயின் பருத்தித்துறை முதல் ஊர்காவற்றுறை வரை வாழ்வோர் ஏறக்குறைய அனைவரும் ஒரே பருவத்தினராவர்! ஒரு குடும்பத்திற் பிறந்த மூன்று சகோதரிகளைப் பார்த்தாலே இப்பகுப்பின் குறை விளங்கும். ஒருத்தி மாந்தளிர் நிறத்தவள்; ஒருத்தி பொதுநிறத்தவள்; மற்றொருத்தி நாவற்கனி போலக் கரியவள். மூவருக்கும் ஒரே நிறப்பட்டியல் பொருந்துவது எங்ஙனம்? மேலும், இந்நாற்பருவப் பகுப்பு ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட இயற்கை விதியுமன்று. அதனைக் கண்ணுக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றிச் சட்டமாகக் கொள்ளலாகாது.

பருவங்களைப் பகுப்பதில் தமிழர் பின்தங்கியவரல்லர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளைத் தமிழிலக்கணம் வகுத்துள்ளது. நிறங்களை நுணுகி அறிவதற்கும் தமிழில் வளமான சொற்கள் உள. கிளிப்பச்சை, இலைப்பச்சை, மாம்பழ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், அரக்கு, மயிற்கழுத்து நிறம், கத்தரிப்பூ நிறம், வெங்காயத்தோல் நிறம் என்று புடவைக்கடையிற் கேட்டால் இன்றும் உரிய துணி எடுத்து விரிக்கப்படும். மாம்பழ மஞ்சளிலே வெம்மையும் எலுமிச்சை மஞ்சளிலே குளிர்ச்சியும் உள்ளன. செவ்வரத்தம்பூவின் நிறம் தெளிந்தது; வெங்காயத்தோலின் நிறம் மங்கியது. மேனாட்டு நூல் கூறும் வேறுபாடுகளை இச்சொற்களைக் கொண்டே உணர்ந்துகொள்ளலாம்.

இனி, கரிய மேனிக்குச் செந்நிறம் ஆகாது என்பாருக்கு யாழ்ப்பாணத்து வழக்கமே விடை பகர்கின்றது. மணமேடையிற் பெண்ணுக்கு உடுத்தும் கூறைச்சேலையின் மரபான நிறம் சிவப்பு. மணமகள் சிவந்தவளோ கரியவளோ என்று பார்த்து எவரும் அந்நிறத்தை மறுப்பதில்லை. அன்று அவளைக் கண்டு மகிழாதாரும் இலர். கருமேனித் திருமாலுக்குப் பொன்மஞ்சட் பட்டை உடுத்தி மகிழ்வதும் இம்மரபேயாகும். மாமை என்று பெண்ணின் மாந்தளிர் மேனியைப் போற்றியவர்கள் சங்கப் புலவர்கள். கருமையை ஒரு குறையாக எண்ணும் மனப்பான்மைக்கு இம்மரபு இடந்தரவில்லை.

சிவப்புச் சாயத்துக்கும் இந்நாட்டுக்கும் உள்ள தொடர்பும் பழமையானது. மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் மணற்பாங்கான நிலங்களிற் சாயவேர் என்னும் சிறுசெடி வளர்ந்தது. அதன் வேரை அகழ்ந்தெடுத்துத் துணிக்குச் செஞ்சாயம் ஏற்றினர். ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வேர் அரசின் தனியுரிமைப் பொருளாயிருந்தது என்பதிலிருந்தே அதன் மதிப்பை உணரலாம். அவ்வேரிலுள்ள செஞ்சாயப் பொருளை ஜெர்மானிய இரசாயனர் 1868இற் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் உலகெங்கும் வேர்ச்சாயத் தொழில் நலிந்தது. ஆயினும் இந்நிலத்தின் வேரிலிருந்து பிறந்த சிவப்பு இந்நிலத்து மக்களின் மேனிக்கு ஒவ்வாது என்று சொல்வது பொருந்துமோ?

அவ்வாறாயின் எந்தச் சிவப்பு, எந்தப் பச்சை ஒருவருக்கு இசையும் என்பதை அறிவது எப்படி? அதற்குச் செலவு வேண்டியதில்லை. காலை வேளையில், வெயில் நேரே படாத விறாந்தையிலே, முகத்திற் பவுடர் முதலியன பூசாமல் கண்ணாடியின் முன் அமர்தல் வேண்டும். வீட்டிலுள்ள சேலைகளையும் துண்டுத் துணிகளையும் ஒவ்வொன்றாக மோவாயின் கீழ்ப் பிடித்துப் பார்க்க வேண்டும். முதலில் மாம்பழ மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளும். அடுத்துச் செங்கற் சிவப்பும் மாதுளை முத்தின் சிவப்பும். பின்னர் அழுத்தமான நிறமும் வெளிறிய நிறமும். இறுதியில் தெளிந்ததும் மங்கியதும். இவ்வாறு இரண்டிரண்டாக ஒப்பிடுதல் நலம். துணையாக ஒருவர் அருகிருந்து பார்த்துச் சொல்வது மேலும் நன்று.

அப்பொழுது பார்க்க வேண்டியது துணியையன்று, முகத்தையே. பொருந்தாத நிறம் வந்தவுடன் கண்ணின் கீழுள்ள நிழல் மிகும். முகத்தின் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். பார்ப்பவர் கண் துணியிலேயே நின்றுவிடும். பொருந்திய நிறம் வரும்போது மேனி ஒருசீராகத் தோன்றும். விழியுங் கூந்தலும் துலங்கும். பார்ப்பவர் கண் முகத்துக்கே செல்லும். மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்த்து மேனியின் இயல்பை அறியலாம் என்று சிலர் கூறுவர். கரிய மேனியில் அச்சோதனை எளிதில் ஏமாற்றிவிடும். துணிச்சோதனையே அதனிலும் நம்பத்தக்கது.

கடையில் வாங்கும்போது மற்றோர் எச்சரிக்கை தேவை. மின்விளக்கின் கீழ் ஒத்துத் தோன்றும் இரு துணிகள் பகலொளியில் வேறுபட்டுத் தோன்றுவதுண்டு. சேலைக்குச் சட்டைத்துணி பொருத்தும் மூதாட்டியர் துணியை வாசலுக்கு எடுத்துச்சென்று பார்ப்பதன் காரணம் இதுவே. விரும்பிய நிறம் முகத்துக்கு இசையவில்லையென்றால் அதனைக் கைவிடவும் வேண்டியதில்லை. சேலை அந்நிறமாகவும், சட்டை இசைந்த நிறமாகவும் இருக்கலாம். தலை நரைக்கும்போது கூந்தலுக்கும் மேனிக்கும் உள்ள வேறுபாடு மாறுவதால், முன்னர் இசைந்த நிறம் பின்னர் இசையாது போகலாம். முன்னர் ஒதுக்கியது பின்னர் இசையவுங் கூடும். ஆடவர் சட்டை தெரிவதற்கும் இவையெல்லாம் பொருந்தும்.

இறுதியாக ஒன்று கூறவேண்டியுள்ளது. வட அகலக்கோடு ஒன்பது பாகைக்கும் பத்துப் பாகைக்கும் இடையே அமைந்த யாழ்ப்பாணத்தில், வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களிலிருந்து உடலைக் காப்பது தோலிலுள்ள கருநிறப்பொருள். அது உடலின் கவசம். அக்கவசத்தை அகற்றுவதாகக் கூறி விற்கப்படும் வெண்மையாக்கும் பூச்சுகள் சிலவற்றில் இரசம் கலந்திருப்பதுண்டு. இரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மேனியை நிறத்துக்கு ஏற்ப மாற்ற முயல்வது ஆபத்து. நிறத்தை மேனிக்கு ஏற்பத் தேர்வது அறிவு.

ஆதலால் அத்தாயும் மகளும் மீண்டும் புடவைக்கடைக்குச் செல்லும்போது செய்யத்தக்கது ஒன்றே. செந்நிறத் துணியையும் சாம்பல் நிறத் துணியையும் வாசலண்டை எடுத்துச்சென்று, பகலொளியில் மகளின் முகத்தருகே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கட்டும். முகம் எதனால் மலர்கின்றதோ அதனை வாங்கட்டும். அது சிவப்பாகவும் இருக்கலாம், சாம்பலாகவும் இருக்கலாம். எதுவாயினும், அது தன் நிறத்தை மறைக்க வாங்கிய ஆடையன்று, தன் நிறத்தோடு இசைய வாங்கிய ஆடை என்ற எண்ணத்துடன் அம்மகள் தீபாவளியன்று அதனை உடுத்திக்கொள்வாள்.