ராக்கெட்டுக்கும் பெயர் சூட்டுகிறார்கள்

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளை பிறந்தால், பாட்டன் பெயரா, சாமி பெயரா என்று வீடே கூடி யோசிக்கிறோம். விண்ணில் பாயும் ராக்கெட்டுகளுக்கும் அப்படித்தான்.

2022 நவம்பர் 18-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த ‘விக்ரம்-எஸ்’, இந்திய விண்வெளி ஆய்வுக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயின் பெயரைத் தாங்கியது. நம் மலேசியாவோ, 2000-ஆம் ஆண்டு விண்ணுக்குச் சென்ற தன் துணைக்கோளுக்கு மைனாவின் பெயரிட்டு ‘தியோங்சாட்-1’ என்றது.

சென்னை அக்னிகுல் நிறுவனத்தார் தங்கள் சோதனை ராக்கெட்டுக்கு ‘அக்னிபான்’, அதாவது நெருப்பு அம்பு, என்று பெயர் வைத்தார்கள். பெயர் வீரமானதுதான், ஆயினும் பயணம் நான்கு முறை நின்றுபோனது. குறை கண்டு திருத்திய பிறகே, 2024 மே 30-ஆம் நாள் அது உயர்ந்தது.

நம் பிள்ளைக்குப் பெயரை நாம் சூட்டலாம்; அந்தப் பெயரை உயர்த்துவது படிப்பும் விடாமுயற்சியுமே.